பாட்டில் டீசலும் சிவகிரிக்காரரும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் நானும் என் வீட்டுக்காரரும் பூ வியாபாரம் செய்துகொண்டிருந்தோம். வாடகை வேன்காரர் மனசு வைத்தால்தான் பூ ராஜபாளையம் போகும். அதற்குள் மல்லிகை வாடி, விலை படுத்துவிடும். சொந்தமாக ஒரு பழைய பிக்கப் இருந்தால்தான் தொழிலில் நிலைக்க முடியும் என்ற நிலைமை.

ஊரில் வண்டித் தரகர் ஒருவரிடம் இரண்டு பிக்கப் நின்றன. ஒன்று பெட்ரோல். சத்தமே இருக்காது, விலையும் குறைவு. இன்னொன்றில் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியிருந்தார்கள். ஸ்டார்ட் செய்தால் நம் பல்லெல்லாம் ஆடும். என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டியவர், அதுவும் பெட்ரோல் கார் மட்டும். அவர் கண் பெட்ரோல் வண்டி மேலேயே இருந்தது. பெட்ரோல் விலைக்குத் தினமும் பங்க்கில் யார் காசை அழுவது, டீசல்தான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

கடைசியில் ஒரு லிட்டருக்கு எது அதிக தூரம் ஓடுகிறது என்று பாட்டில் வைத்துப் பார்ப்பதாக முடிவானது. டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, ஒரு லிட்டர் எண்ணெய் நிரப்பிய பாட்டிலில் விட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓட்ட வேண்டும். பெட்ரோல் வண்டி கரிவலம்வந்தநல்லூருக்கு முன்னாலேயே நின்றது. கையோடு கொண்டுபோன பெட்ரோலை ஊற்றித் திரும்பிவிட்டோம்.

டீசல் வண்டியில் ஏறும்போது தரகர் ஒரு குண்டைப் போட்டார். "சிவகிரியில இருந்து ஒரு வியாபாரி இதுக்கு அட்வான்ஸோட வாராரு. யாரு முதல்ல வந்து சொல்லுதீகளோ அவுகளுக்குத்தான் வண்டி."

வண்டி கரிவலத்தைத் தாண்டியும் ஓடியது. நான் கையைத் தட்டினேன். வெகுதூரம் போய்த்தான் நின்றது. ஜெயித்த பெருமையில் நானே டீசலை ஊற்றினேன். இவர் சாவியைத் திருகினார். முனகியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. நான் தள்ளினேன், இவரும் தள்ளினார். ம்ஹூம், வெயில்தான் ஏறியது.

எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்ன வே, டீசல் வண்டிய எண்ணெய் வத்துத வரைக்கும் ஓட்டலாமா? குழாய்க்குள்ள காத்து ஏறி ஏர் பிடிச்சிருக்கும்லா."

தன் வண்டியிலிருந்து ஸ்பானரை எடுத்துப் பம்ப் பக்கம் ஒரு நட்டைத் தளர்த்தினார். கை பம்பை அமுக்க அமுக்க நுரை நுரையாக வந்தது. எனக்கோ வண்டி கைவிட்டுப் போகிறதே என்ற பதைப்பு. வாயும் சும்மா இருக்காதே!

"சீக்கிரம் பாருங்க அண்ணாச்சி. சிவகிரியில இருந்து எவனோ வண்டியத் தூக்கிட்டுப் போக வாரானாம். அவன் வண்டி நடுரோட்டுல பஞ்சராகிக் கெடக்கட்டும்!"

அவர் பம்பை அமுக்கிக்கொண்டே இருந்தார். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் நட்டை இறுக்கினார். இன்ஜின் உறுமியது. மறுபடி நின்றால் என்ன செய்வீர்கள் என்று சொல்லி, எங்கள் புகையைக் குடித்துக்கொண்டே ஊர்வரை பின்னாலேயே வந்தார்.

என் வீட்டுக்காரர் இறங்கி ஓடிப்போய் வண்டி எங்களுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். தரகரோ எங்களுக்குப் பின்னால் பார்த்து, "வாங்க சிவகிரி அண்ணாச்சி, இப்பத்தான் வாரீகளா?" என்றார்.

நான் திட்டிய சிவகிரிக்காரர் அவரேதான்! அவர் என்னைப் பார்த்து, "டயரத் தொட்டுப் பாத்துட்டேன் தங்கச்சி, பஞ்சர் ஒண்ணும் இல்ல" என்றாரே பார்க்கலாம்! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய், வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "வழியில நிக்கித ஆள விட்டுட்டு வந்து வாங்குத வண்டி, என்னையும் ஒருநாள் வழியில விட்டுராதா? நீங்களே ஓட்டுங்க." ஒரு காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த டீசல் வண்டிதான் எங்களைத் தூக்கி நிறுத்தியது. பிறகு மார்க்கெட்டில் எத்தனையோ பேர் எங்களுக்குப் போட்டியாகக் கடை போட்டார்கள். முகம் தெரியாத ஒருவரைத் திட்ட வாயெடுத்தால், கையெல்லாம் டீசலோடு எனக்காகக் குனிந்து நின்ற அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார், திட்டு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.