டிரைவரை உட்கார வைத்து ஓட்டியவர்

அபுதாபிப் பக்கம் அல் ஐனில் நான் தையற்கடையில் இருந்தபோது ஒரு வெள்ளைக்கார மேஜர் வருவார். அரபுச் சிப்பாய்களுக்கு அதிகாரி. வெயிலில் வெந்த மூக்கு, பூனைக்கண். ஜீப்பை அவரே ஓட்டுவார். அவருடைய டிரைவர் பக்கத்து சீட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வருவான். என் வாய் சும்மா இருக்குமா?

“சாப், இதுல யாருக்கு யாரு டிரைவர்?” என்று என் ஓட்டை இந்தியில் கேட்பேன். அவரும் சிரிப்பார்.

எமிரேட்டுகள் தனி நாடான பிறகு அவர் வேலை முடிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள், தோளில் தைத்திருந்த படைப் பட்டையைப் பிரிக்க வந்தார்.

“நாளைக்காவது அவன் கையில ஸ்டீயரிங்கைக் குடுங்க சாப். அபுதாபி ஏர்போர்ட்டுக்கு ராஜா மாதிரி போங்க.”

அவர் சிரிக்கவில்லை.

“இங்க வர்றதுக்கு முன்னாடி ஏடன்ல இருந்தேன். எங்க பட்டாளம் அந்த ஊரை விட்டுக் கிளம்புன அன்னிக்கு என் டிரைவர்தான் பிளேன் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். ‘என்னையும் கூட்டிட்டுப் போங்க சாப், உங்ககிட்ட வேலை பாத்தவன்னு கொன்னுடுவாங்க’ன்னான். ஒண்ணும் ஆகாது, வண்டியக் கேம்ப்ல கொண்டுபோய் விடுன்னு சொன்னேன். திரும்பிப் போற வழியிலயே அவனைச் சுட்டுட்டாங்க.”

என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

“இது ஏடன் இல்லியே சாப்.”

“தெரியும். எனக்கு ஒரு டாக்சி மட்டும் சொல்லிவிடு.”

மறுநாள் அவர் டாக்சியில் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த டிரைவர் தனியாக ஜீப்பை ஓட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

“நான் என்ன தப்புப் பண்ணேன் பாய்? கடைசி வரைக்கும் சாப் என்னை நம்பலியே.”

ஏடனில் நடந்ததைச் சொன்னேன். அவன் வெளியே போய், பழக்கத்தில் பக்கத்து சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தான். ஜீப் வெகுநேரம் கிளம்பவில்லை.