சிவப்புப் பெருக்கல் குறி

இன்று காலை படிக்கட்டெல்லாம் டர்பன்டைன் வாசனை. பாரிசுக்கு வெளியே, பதினான்கு மாடிக் கான்கிரீட் பெட்டியில் ஒன்பதாவது மாடி எங்களுடையது. லிஃப்ட் நின்று ஒரு மாதம். கைப்பிடிச் சுவர் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மூச்சிரைக்க இறங்கிப் போனால், வாசல் தூணில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி, ஈரம் காயாமல். இடிக்கப் போகிறார்களாம். நின்ற இடத்திலேயே நான் பெரம்பலூருக்குப் போய்விட்டேன்.

டவுனுக்கு வெளியே எங்கள் பழைய குடியிருப்பும் இப்படித்தான் உதிர்ந்தது. பக்கத்து அரியலூரில் ஆலைகள் ஓயாமல் சிமென்ட் அரைத்தன. எங்கள் கூரையோ சோற்றுத் தட்டில் விழுந்தது. ஒருநாள் வீட்டு வசதி வாரிய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, ஆறு பிளாக்கில் மூன்றின் தூண்களில் இதே பெருக்கலைப் போட்டுவிட்டுப் போனார். குறி விழுந்தால் காலி செய்ய வேண்டும். மாற்று வீடு பற்றிப் பேச்சே இல்லை. எதிர்வீட்டு வசந்தா சித்தாள் வேலைக்குப் போய்க் கலவை சுமப்பவள். தூணைத் தட்டிப் பார்த்தாள். “பூச்சுதான்க்கா போச்சு. தூணு என் மாமியா மாதிரி, அசையாது.” மறுநாள் விடியலில் பச்சரிசி மாவைக் கரைத்து, பெருக்கலைச் சுற்றிப் புள்ளி வைத்து, விரலால் இழை இழுத்தாள். சிவப்பு, கோலத்துக்கு இட்ட காவியாகிவிட்டது. குறி விழாத மற்ற மூன்று பிளாக்கிலும் காவியைக் குழைத்து அதே பெருக்கல், அதே கோலம் போட்டோம்.

ஆள்களோடு திரும்பி வந்தவர் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“இதுல எதும்மா நான் போட்டது?”

“பொங்கல் வருதுங்க சார். எல்லாம் நாங்க போட்டதுதான்” என்றாள் வசந்தா.

“தூண்ல யாரும்மா கோலம் போடுவா?”

“தரையில எடமில்லீங்க சார். உங்க கூரை கெடக்கு.”

அவர் மறுபடி அளந்து எழுத ஏழு மாதமானது. அதற்குள் வசந்தா எங்கள் எல்லோர் கையிலும் பூச்சுக் கரண்டியைக் கொடுத்துத் தூண்களைப் பூசவைத்துவிட்டாள். புதுப்பூச்சில் குறி போட அவருக்குக் கை வரவில்லை.

இங்கே மாவுக் கிண்ணத்தோடு தூண்முன் உட்கார்ந்திருக்கிறேன். கட்டடக் காவல்காரர் குனிந்து பார்க்கிறார். “செ பூர் லா ஃபெத், மதாம்?” பண்டிகைக்கா என்கிறார். “வீ”, ஆமாம், என்கிறேன். போக மறுப்பதும் பண்டிகைதான். மூன்றாம் மாடிப் பெண் ஒருத்தி, பெயர்கூடத் தெரியாது, கிண்ணத்தில் விரலை முக்குகிறாள். புள்ளிகள் பெரம்பலூர்க் கணக்கில் விழுகின்றன. தூண் பிரெஞ்சுத் தூண்.

ஊரைவிட்டு வந்த அன்று, சென்னை பஸ் நகர நகர ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள் வசந்தா. நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

“அங்கயும் எவனாச்சும் செவுத்துல பெருக்கல் போடுவான்க்கா. பயந்துடாத. மாவக் கரைச்சுக்க.”