வடக்கே தலை வைத்த கட்டில்

போன வாரம் ஒரு நாள், உச்சி நேரம். புது வீட்டுச் சமையலறையில் மஞ்சள்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். வீடு மாறியவர்களுக்குத் தெரியும் – முதல் ஒரு மாதம் சமைப்பதைவிடத் தேடுவதுதான் அதிகம். வாசலில் எதிர் வீட்டு டெய்லரம்மாவின் குரல் கேட்டது.

“ஏங்க... இங்கிட்டு வாங்க, சீக்கிரம்! ஒங்க வீட்டுப் பெரியம்மா ரோட்டுல நிக்கிறாங்க!”

அவர் சொன்னது என் மாமியாரை. அத்தைக்கு இரண்டு கண்ணும் தெரியாது. சர்க்கரை நோய் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

ஓடினேன். தெருவோரம் யாருடைய லோடு ஆட்டோவோ நின்றிருந்தது. காலையிலிருந்து வெயிலில் காய்ந்த வண்டி. அதன் பின்பக்கத்து இரும்புத் தகட்டை அத்தை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தார். தோளில் அலச எடுத்துப்போன துண்டு. என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“ஏண்டி மல்லிகா, தொவைக்கிற கல்லு ஏன் இம்புட்டுச் சுடுது?”

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கவலைப்படுவதை மட்டும் இன்றுவரை நிறுத்தாதவள். கீரமங்கலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்ன அன்றைக்கே தூக்கம் போய்விட்டது. வீட்டுச் சொந்தக்காரரின் மகன் குடும்பத்தோடு துபாயிலிருந்து வருகிறானாம். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வீடு, அவர் பிள்ளை. ஆனால் ஆடி பிறப்பதற்குள் மாற வேண்டும். ஆடியில் யாராவது பால் காய்ச்சுவார்களா?

அந்த அவசரத்தில் நான் கவலைப்படாதது எதுவுமில்லை. கண்ணாடி பீரோ உடையும். கேஸ் அடுப்பின் குமிழ் கழன்று விழும். சாமி படத்தை யாராவது காலால் மிதிப்பார்கள். பழைய விளக்குமாற்றை யாராவது தெரியாமல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பழைய வீட்டுத் தரித்திரம் அதோடு தொற்றிக்கொண்டு வந்துவிடும் என்பார்களே... அதனால் வண்டி கிளம்பும்வரை அந்த விளக்குமாற்றுக்கு நானே காவல் நின்றேன்.

அத்தையைப் பற்றியும் கவலைப்படாமல் இல்லை. ஏனென்றால், பழைய வீட்டில் அவர் நடப்பதைப் பார்த்தவர்கள் கண் தெரியாதவர் என்றால் நம்ப மாட்டார்கள். ரயில் பெட்டி மாதிரி நீள வீடு. ஹாலில் சுவரோரம் கட்டில். தலைமாடு தெருப் பக்கம், கால்மாடு கொல்லைப் பக்கம். எழுந்து, கால் நீட்டிய திசையில், வலது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு போனால் கொல்லைக் கதவு. அதைத் தாண்டினால் துவைக்கிற கல், கக்கூஸ். யார் உதவியும் வேண்டாம்.

உதவிக்குப் போனால் திட்டுதான் விழும். “கொல்லைக்குப் போக இன்னொருத்தி கையப் புடிக்கிற அன்னைக்கே நான் செத்தேன்னு வச்சுக்க.”

புது வீட்டை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்தபோது முகமெல்லாம் பல். “வடக்குப் பாத்த வாசல், மல்லிகா! யாருக்குக் கெடைக்கும்?” இதுவும் நீள வீடுதான். கொல்லையில் துவைக்கிற கல் இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது. எனக்குக்கூட நிம்மதியாக இருந்தது என்றால் பாருங்கள். பழைய வீட்டில் இருந்த மாதிரியே கட்டிலைப் போட்டுவிட்டால் தீர்ந்தது!

உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் முதலில் போயின. பால் பொங்கியது. பிறகு கட்டில் வந்தது. தலைமாட்டைத் தெருப் பக்கம் வைக்கச் சொன்னேன்.

“கூறு இருக்கா ஒனக்கு?” என்று பாய்ந்தார் என் வீட்டுக்காரர். “தெரு வடக்கால இருக்கு. எங்க ஆத்தாவ வடக்க தலை வச்சுப் படுக்க வக்கச் சொல்றியா?”

அப்போதுதான் உறைத்தது. பழைய வீடு தெற்குப் பார்த்தது. இது வடக்குப் பார்த்தது. வடக்கே தலை வைத்துப் படுத்தால் ஆயுசு குறையும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குறுக்கே போட்டுப் பார்த்தோம், ஹாலில் வழியே இல்லை. கடைசியில் கட்டிலைத் திருப்பினார்கள். தலைமாடு கொல்லைப் பக்கம். கால்மாடு தெருப் பக்கம்.

“அத்தே, இங்க எல்லாம் மாறிக் கெடக்கு. தலைமாட்டுப் பக்கந்தான் கொல்லை” என்று தினமும் சொன்னேன். “தெரியும்டி, எத்தன தடவ சொல்லுவ?” என்றார். அவருக்குத் தெரிந்தது. அவர் காலுக்குத்தான் தெரியவில்லை. அன்று சற்றுக் கண்ணயர்ந்து எழுந்த அசதியில் கால் தன் பாட்டுக்கு நடந்திருக்கிறது. வலது கை சுவர், அப்புறம் கதவு, அதைத் தாண்டினால் கல். நின்ற லோடு ஆட்டோவாக இல்லாமல் ஓடுகிற பஸ்ஸாக இருந்திருந்தால்...? அந்த வாக்கியத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. மனதுக்குள்கூட.

சாமான்களை மூட்டை கட்டி ஏற்றிவிட்டோம். கையும் காலும் படித்து வைத்திருக்கும் வழியை எந்த மூட்டையில் கட்டுவது?

அத்தையின் உள்ளங்கை சிவந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். அன்று மாலையே என் வீட்டுக்காரர் தெருக் கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் வைத்தார். டிரில்லிங் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார் அத்தை.

“எனக்கா?” என்று மட்டும் கேட்டார். என் வீட்டுக்காரர் அடுத்த திருகாணியை எடுத்தார்.

அதன் பிறகுதான் அந்தக் கூத்து. காலைக் காப்பியில் பாதியை வைத்துவிட்டார். மோர் வேண்டாம் என்றார். தண்ணீர் சொம்பை நீட்டினால், “தாகம் இல்ல.” வெயில் மண்டையைப் பிளக்கிறது, தாகம் இல்லையாம்! உதடு வெடித்திருந்தது. எனக்குப் புரிய ஒரு நாள் பிடித்தது. தண்ணீர் குடித்தால் கொல்லைக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் என் கை வேண்டும்.

நான் அழுதுவிட்டேன். அழுகைச் சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து உட்கார்ந்தார். மகனைக் கூப்பிட்டார்.

“கட்டிலத் திருப்பிப் போடுடா. பழைய வீட்டுல கெடந்தாப்புல.”

“ஆத்தா, வடக்க தலை வரும். நான் உசுரோட இருக்கங்காட்டியும் அது நடக்காது.”

“நீ உசுரோடவே இரு. படுக்கப் போறது நாந்தான?”

“ஊரு என்ன சொல்லும்?”

“ஊரா வந்து என்னயக் கொல்லைக்குக் கூட்டிப் போகப் போவுது? தூக்குடா அங்கிட்டு.”

தூக்கினார். வலது கைக்குச் சுவர் கிடைக்கிற மாதிரி எதிர்ச்சுவரோரம், தலைமாடு தெருவைப் பார்த்து – வடக்கைப் பார்த்து – போட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் கடைக்குப் போய்விட்டார். அத்தை படுத்துப் பார்த்தார். எழுந்தார். வலது கையைச் சுவரில் வைத்தார். நான் பின்னால் சத்தமில்லாமல் போனேன். கொல்லைக் கதவு. கல். கல்லைத் தடவிவிட்டு, “இதாண்டி கல்லு” என்றார். உள்ளே வந்து ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிட ஆசைதான். ஆனால் என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கட்டில் கண்ணில் படுகிறதாம். எனக்கோ சாஸ்திரத்தை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. தினமும் விடிந்ததும் முதல் வேலையாகக் கட்டிலோரம் போய் நிற்கிறேன். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன்.

நேற்றும் அப்படித்தான் நின்றேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மூச்சு இருக்குடி. போயிக் காப்பியப் போடு.”