சந்தேகமும் ஒரு கிளச் கேபிளும்

“பதவி: ஓட்டுநர். எல்லா வகை வாகனங்களையும் விரைவாகவும் துணிவாகவும் இயக்கக்கூடியவர்.” கார் பழுதுபார்க்கும் பணிமனை கொடுத்த அடையாள அட்டையில் அவரைப் பற்றி இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு புகைப்படம். அட்டையில் சரியாக இருப்பது அந்தப் புகைப்படம் மட்டும்தான். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பேருந்தில் வருகிறார், பேருந்தில் போகிறார். அதிலும் முன்வரிசையில் உட்காருவதில்லை. எதிரே வருவதையெல்லாம் பார்த்தால் வியர்த்துவிடும்.

சேர்ந்த புதிதில் பணிமனைக்குத் தேவைப்பட்டது ஓட்டுநர்தான். ஆளை எடுத்துவிட்டால் உரிமத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்த முதலாளி, அவரை ஓட்டுநர் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே அவர் மூன்று கண்ணாடிகளையும் பார்ப்பார். பார்த்தது சரிதானா என்று மறுபடியும் பார்ப்பார். அதற்குள் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். பள்ளியை நடத்தும் டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளிக்கு போன் போட்டார்.

“சார், உங்க ஆளு தங்கமான மனுஷன். எங்கயாவது உட்கார வெச்சு வேலை வாங்குங்க. ஸ்டீயரிங் முன்னாடி மட்டும் வேண்டாம்.”

முதலாளி அவரைக் கணினி முன்னால் உட்காரவைத்தார். வரும் வண்டிகளுக்கு வேண்டிய உதிரி பாகங்களை இணையக் கேட்டலாக்குகளில் தேடி வரவழைப்பது வேலை. சாலையை நிறுத்திவைத்த அதே குணம் பணிமனையை ஓடவைத்தது. வண்டியின் பெயரும் வருடமும் போதும் என்பது மற்றவர்களின் கட்சி. இவர் வண்டியின் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். ஒரே வருடத்தில் வந்த ஒரே மாதிரி வண்டிகளில், ஜூன் வரை செய்தவற்றுக்கு ஒரு பிரேக், ஜூலையில் செய்தவற்றுக்கு வேறொரு பிரேக் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கிடைத்த பாக எண்ணை இன்னொரு கேட்டலாக்கில் போட்டுப் பார்ப்பார். பழைய பாகத்தைக் கழற்றிவரச் சொல்லி அளப்பார். அடியில் பொடி எழுத்தில் “படம் மாதிரிக்கு மட்டும்” என்று இருந்தால், விற்பவருக்கு எழுதி அசல் படம் கேட்பார். எதற்கும் முதலில் “ஒரு சந்தேகம்” என்றுதான் தொடங்குவார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

“சந்தேகம் எங்கப்பா?”

“டீ குடிக்கப் போயிருக்கு.”

“அப்ப சட்டுனு ஆர்டரைப் போட்டுருவோம், வர்றதுக்குள்ள.”

போடத்தான் மாட்டார்கள். ஒருமுறை போட்டு, வந்த ரேடியேட்டர் பொருந்தாமல் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பரை அவர் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் உள்ளே இருந்த பால் இரண்டு தடவை திரிந்துபோனது. “என்னைக் கட்டிக்கிட்டப்ப மட்டும்தான் இவரு எதையும் சரிபார்க்காம சரின்னாரு” என்பார் மனைவி. அது பாராட்டா, புகாரா என்று கேட்டால், “அதுல எனக்கே சந்தேகம்” என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, இழுவை வண்டியின் பின்னால் தொங்கியபடி டீச்சரின் கார் வந்து சேர்ந்தது. டீச்சர் கதவைச் சாத்திய சத்தத்திலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

“கிளச் போச்சு. மிதிச்சா பெடல் தொபுக்குன்னு உள்ள விழுது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

வெள்ளிக்கிழமை அவரிடம் பயிலும் ஒரு நர்ஸுக்கு ஓட்டுநர் தேர்வு. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை அந்த அம்மாவுக்குக் கிடைத்திருந்தது. உரிமத்தைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். தேர்வை விட்டால் அடுத்த தேதி வருவதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். வேறு காரையும் எடுத்துப்போக முடியாது. பக்கத்தில் உட்காருபவருக்கும் பெடல் வைத்த கார்தான் தேர்வுக்கு வேண்டும். டீச்சரிடம் இருந்தது இது ஒன்றுதான்.

மெக்கானிக் தலையைக் காருக்குள் விட்டு, காலடி விரிப்பைக் கிழித்த மாதிரி இழுத்துப்போட்டு, அறுந்த கேபிளை உருவிக்கொண்டுவந்தார். “இந்தா சந்தேகம், கிளச் கேபிள். இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல.”

சந்தேகம் சேஸிஸ் எண்ணைப் போட்டார். கேட்டலாக் உடனே ஒரு கேபிளைக் காட்டியது: நீளம் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர். கையிலிருந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து அளந்தார். அறுபத்தெட்டு.

“அண்ணே, ஒரு சந்தேகம். இது குட்டையா இருக்கே.”

“மீதி உள்ளயே மாட்டிக்கிட்டிருக்கும்யா.”

“ரெண்டு முனையிலயும் வளையம் இருக்கே. மீதி எங்கிருந்து வரும்?”

மெக்கானிக் மேலே பார்த்தார். “நீ கேபிள் வாங்கித் தர்றியா, இல்ல கேஸ் நடத்துறியா?”

சந்தேகம் மறுபடி தேடினார். முந்தைய மாடல், பிந்தைய மாடல், வெளிநாட்டுக்கு அனுப்பிய மாடல், டீசல் மாடல். எதிலும் அறுபத்தெட்டு இல்லை. யாரோ பழைய உரிமையாளர் வேறு காரின் கியர்பாக்ஸை மாட்டியிருப்பார் என்று சொந்தமாக ஒரு கதை கட்டி, அந்தக் கதைக்குப் பொருந்தும் காரையும் தேடிக்கொண்டு மதியச் சாப்பாட்டை மறந்தார். எல்லாவற்றையும் சரிபார்க்கும் மனிதர், பத்தடி தூரத்தில் நின்ற காரை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

மாலையில் டீச்சர் வந்து மேசையைத் தட்டினார். “என்ன தம்பி, இன்னும் கண்ணாடி பார்த்து முடியலையா?”

அது சுருக்கென்று தைத்தது. எழுந்து போய்க் காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

“ஐயையோ! யாராவது சாவியை எடுங்க!” என்றார் டீச்சர்.

சாவி இல்லாமலே சந்தேகம் கிளச்சை மிதித்தார். பெடல் கெட்டியாகப் போய்க் கெட்டியாகத் திரும்பியது. இன்னொரு முறை மிதித்தார். ஒரு குறையும் இல்லை.

“டீச்சர், எந்தப் பெடல் போச்சு?”

“என் பெடல்தான். எனக்கு வேற எந்தப் பெடல் இருக்கு?”

இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே காரை ஓட்டியவருக்கு, கார் என்றால் அந்தப் பக்கம்தான். டீச்சர் சொல்லிவிட்டார், அறுந்த கேபிளும் கைக்கு வந்துவிட்டது, அப்புறம் எதற்கு மிதித்துப் பார்ப்பது என்று மெக்கானிக் விட்டுவிட்டார். அறுந்தது டீச்சரின் பெடலை ஓட்டுநரின் பெடலோடு இணைக்கும் கேபிள். காரைச் செய்த கம்பெனிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது பள்ளிக்காகப் பிறகு பொருத்தியது. கம்பெனியின் கேட்டலாக்கில் சந்தேகம் ஆயுள் முழுக்கத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

“இந்த வண்டியிலதானே நான் கத்துக்கிட்டேன்! எனக்கே தோணலையே” என்றார் சந்தேகம்.

“கத்துக்கிட்டியா? நான் அந்தப் பெடலை மிதிச்ச மிதியில அன்னைக்கே பாதி அறுந்திருக்கும்” என்றார் டீச்சர்.

மெக்கானிக்குக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

இரட்டைப் பெடல் செய்பவர்களின் கேட்டலாக் வேறு. அதில் அறுபத்தெட்டு சென்டிமீட்டர் கேபிள் உடனே கிடைத்தது. படத்தில் முனை உருண்டையாக இருந்தது. கையில் இருந்ததோ தட்டையான வளையம். விற்பவருக்கு எழுதினார். “எத்தனையோ பேர் வாங்கறாங்க, யாரும் இப்படிக் கேட்டதில்ல” என்று பதில் வந்தது. “நன்றி. படம்?” என்று எழுதினார் சந்தேகம். மறுநாள் காலை, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம் வந்தது. முனை உருண்டைதான். கூடவே, தட்டை முனைக்கு வேறு எண் என்றும், அதன் படம் தளத்தில் ஏறவில்லை என்றும் ஒரு வரி. அதற்கும் படம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் ஆர்டர் போனது.

வியாழன் மதியம் கேபிள் வந்தது. பழையதன் பக்கத்தில் நீட்டிவைத்து முனைக்கு முனை பார்த்துவிட்டுக் கொடுத்தார். மெக்கானிக் மாட்டினார். டீச்சர் தன் இருக்கையில் ஏறி மிதித்துவிட்டுத் தலையாட்டினார். அவரிடமிருந்து அது பெரிய பட்டம்.

வெள்ளிக்கிழமை தேர்வு அதிகாரி காரில் ஏறி, தன் பக்கத்துப் பெடல்களை ஒருமுறை மிதித்துப் பார்த்தார். அதன் பிறகு அவற்றைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. நர்ஸ் அம்மா தேறினார். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். அவர் சந்தேகத்தைப் பார்த்ததே இல்லை. சந்தேகம் செய்தது, ஒரு காருக்கு அறுபத்தெட்டு சென்டிமீட்டர் நீளத்தில், தட்டை முனையோடு, சரியான கேபிளைக் கண்டுபிடித்துத் தேர்வு நாளுக்குள் வரவழைத்தது.