அமுதா அக்கா போட்ட ஓட்டு

போன வாரம் வந்தவாசியில் ஒரு கல்யாணத்துக்காக வாடகை வேனில் ஏறினேன். கதவைச் சாத்தியதும் எலுமிச்சை சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. இறங்கிவிடலாமா என்று கதவுப் பிடியைப் பிடித்தேன். சென்ட்டுக்குப் பயப்படுகிற ஆளா என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த வாசனையில் எனக்குத் தெரிவது அமுதா அக்காவின் முகம்.

அக்கா ஆரணியில் எங்கள் தெருவிலேயே தையல் கடை வைத்திருந்தாள். பட்டு ஜாக்கெட் தைத்த நேரம் போக, கால்வாய் அடைப்புக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நகராட்சிக்கு நடையாய் நடப்பாள். தெருவே சேர்ந்து அவளைச் சுயேச்சையாக நிறுத்திக் கவுன்சிலர் ஆக்கியது. தறியை நிறுத்திவிட்டு வந்து மாலை போட்டார்கள்.

வினை அதற்குப் பிறகுதான். சேர்மனைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். இரண்டு கட்சிக்கும் சம பலம். நடுவில் அக்காவின் ஒரே ஓட்டு. இரு தரப்பும் பழத்தட்டோடு வந்து "தங்கச்சி" என்றார்கள். "யோசிச்சி சொல்றங்க" என்றாள். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் யாரோ அவள் மகளிடம், "உங்கம்மா இன்னா முடிவு பண்ணாங்க பாப்பா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். அக்கா அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்கவே இல்லை.

மகளைச் செய்யாறில் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு கட்சி, "எங்ககூட இருந்தா யாரும் கிட்ட வர மாட்டாங்கம்மா" என்று வேன் அனுப்பியது. "ஓட்டு உங்களுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறினாள், துணைக்கு நான். உள்ளே எலுமிச்சை சென்ட் மூக்கை அடைத்தது. பெரிய காவலாள்தான்!

கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி. போன்களை வாங்கிக்கொண்டார்கள். கவுன்சிலர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசல் கேட்டில் பூட்டு. பயந்தால் பசிக்கிற ரகம் நான். பிரியாணியை வெளுத்துக் கட்டினேன். அக்கா தண்ணீர் மட்டும் குடித்தாள். அந்தக் கட்சியில் பல தேர்தல் பார்த்த நரைத்தலைக் கவுன்சிலர் ஒருவர் பக்கத்தில் வந்து, "ஏம்மா பயந்துகினு கீற? ஓட்டு போடற வரைக்கும் நம்மள பூ மாதிரி பாத்துப்பாங்க" என்றார்.

"போட்ட பிறகுங்க?" என்றாள் அக்கா. அவர் கேரம் ஆடப் போய்விட்டார்.

வாக்கெடுப்பு அன்று நகராட்சி வாசலில் போலீஸ், இரு தரப்புக் கூட்டம். நடுவே எங்கள் தெருக்காரர்கள். மாலை போட்ட அதே மனிதர்களில் ஒருவர் கத்தினார்: "எங்கள ஒரு வார்த்த கேக்காம எவன் வண்டியில ஏறின?" அக்கா குனிந்தபடியே படியேறினாள்.

ரகசிய வாக்கெடுப்பு. வேன் அனுப்பிய கட்சி ஒரே ஓட்டில் தோற்றது. எல்லாக் கண்களும் அக்கா மேல்தான். கூட்டிவந்த வேன் எங்களை விட்டுவிட்டுப் போனது. வெயிலில் நடந்தோம். பின்னால் ஒரு பைக் முந்தாமல் மெல்ல உருண்டுகொண்டே வந்தது.

"யாருக்குக்கா போட்ட?" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சா உன்னையும் கேப்பாங்கடா. ஜல்தி நட."

பைக் எங்கள் தெருமுனைவரை வந்து நின்றது. அதன்பின் பல நாள் அங்கேயே நின்றது. தைக்கத் துணி வருவதும் நின்றது.

சில மாதம் கழித்து அந்த நரைத்தலைக்காரர் ஜெயித்த கட்சிக்கு மாறி, புதுத் துண்டோடு மேடையேறி, "அன்னிக்கே என் ஓட்டு இவங்களுக்குத்தான்!" என்று பெருமையடித்தார். கைதட்டினார்கள். அக்கா சொன்ன வாக்கை மீறவில்லை என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. தெருவில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. துணி மட்டும் மெல்லத் திரும்பி வந்தது. மகள் செய்யாறிலேயே படித்து முடித்தாள். அக்கா மறுபடி தேர்தலில் நிற்கவில்லை.

முன்பெல்லாம் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போதே எங்கள் தெருவில் எந்தச் சின்னம் என்று எதிர்வீட்டுக்குக் கேட்கக் கத்துவார்கள். சண்டை வரும், ஒரே டீக்கடையில் அது முடியும். இந்தத் தேர்தலில் எதிர்வீட்டுக்காரரிடம் சும்மா கேட்டேன், "யாருக்குண்ணா?" அவர் தெருமுனையை ஒருதரம் பார்த்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.