ஓர் அளவு பெரிய டயர்

மாலை ஐந்து இருபதுக்கு மாமா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டதால் நேரம் மறக்கவில்லை.

"வழில வண்டி எங்கனா நின்னுச்சா கண்ணு?"

மாமா என் அம்மாவின் அண்ணன். லாரி அவருடையது, ஓட்டுவது அப்பா. உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து மாகறலுக்கு ஜல்லி அடிக்கும் வண்டி. ஒரு மாதத்துக்கு முன் மாமா அதற்கு ஓர் அளவு பெரிய டயர்களை மாட்டியிருந்தார். சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், எஞ்சின் அவ்வளவு சுற்ற வேண்டாம், டீசல் மிச்சமாகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை அவர் விளக்காத டீக்கடை ஊரில் பாக்கியில்லை. ஆனால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடிய வண்டி மூன்றரைக்கு இறங்கியது. தன் யோசனையில் பிழை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. டீசலை யாரோ வழியில் இறக்குகிறார்கள் என்று தோன்றியது. வண்டியில் போவது அப்பா ஒருவர்தான்.

அன்று கோடை விடுமுறை என்பதால் நானும் வண்டியில் போயிருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

"நின்னுச்சு மாமா. அப்பா கேன எடுத்துக்கினு எறங்கிப் போனாரு," என்றேன். பெரியவர் ஒருவர் என்னை மதித்துக் கேட்கிறாரே என்று சத்தமாகவே சொன்னேன்.

மாமா அப்பா பக்கம் திரும்பினார். "இன்னா மாப்ள, கொயந்த பொய் சொல்லுமா?"

அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்ற லாரியின் பம்பர் மேல் சாவியை வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

அதன் பிறகு வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். "எம் புருசன திருடன்னுட்ட இல்ல? இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத," என்று அண்ணனிடம் சொன்னாள். நான் தெருமுனைக்கும் வாசலுக்குமாக ஓடினேன். காஞ்சிபுரம் பஸ் வந்து நின்று போயிற்று, அதில் அப்பா இல்லை. நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை, ஏதோ செய்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. இன்றைக்கும் என் மகளிடம் யாராவது எதையாவது விசாரித்தால் நடுவில் போய் நின்றுவிடுகிறேன்.

திருட்டை நிரூபிக்க மாமா மெக்கானிக்கை வரவழைத்தார். வந்தவர் டேங்கைப் பார்க்கவே இல்லை. டயரைப் பார்த்தார், கேனை எடுத்து முகர்ந்தார், என்னைக் கூப்பிட்டார்.

"இதுல இன்னாமா இருந்துச்சு?"

"தண்ணி. வண்டி சூடாயிடுச்சுன்னு அப்பா புடிச்சாந்து ஊத்தினாரு."

"அத மாமா கைல சொன்னியா?"

"மாமா அத கேக்கலியே."

மெக்கானிக் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை.

"மொதலாளி, டயர மாத்தினா பின் அச்சுல கீற பல்சக்கரத்தயும் மாத்தணும். இந்தப் பல்லுக்கு இம்மாம் பெரிய டயரு சரிப்படாது. லோடு ஏத்தினா டாப் கியர் இழுக்காது. கீழ் கியர்லயே முக்கிக்கினு வந்தா சூடும் ஆவும், டீசலும் குடிக்கும். சக்கரம் கம்மியா சுத்தறதால மீட்டரு வேற ஓடின தூரத்த கொறச்சுக் காட்டும். நீ மாப்ளய புடிச்சி கேக்கற."

மாமா பம்பர் மேலிருந்த சாவியை எடுத்து, வேட்டியில் துடைத்து, திரும்ப அங்கேயே வைத்தார்.

ஏழரை மணிக்கு அப்பா நடந்தே வந்தார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் சாவியை எடுத்துக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் மாமாவைப் பார்த்தே பேசினார்.

"பழைய டயரயே மாட்டுங்க மச்சான், காலைல லோடு கீது. பொண்ண மட்டும் இனிமே வண்டில ஏத்த மாட்டேன்."

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.