ராசியான கை

எனக்கு வலிப்பு நோய். பழனியில் ஒரு மருத்துவரிடம் காட்டி, ஒரு வருடம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை. பெருமாள்மலையில் எங்கள் டீக்கடையில், கொதிக்கும் பால் சட்டியின்மேல் விழுந்து கை வெந்துபோன அன்றைக்குத்தான் கணவரிடம் சொன்னேன்: "ஏங்க, மதுரையில வேற டாக்டரைப் பாத்துட்டு வருவோம்."

அவர் பதறிவிட்டார். "பழனி டாக்டரு கைராசிக்காரரு புள்ள. ஆளை மாத்துனா ராசி போயிரும். எங்கப்பாவையே பொழைக்க வச்ச கை அது."

"உங்கப்பாவுக்கு வந்தது நெஞ்சுவலி. இங்க விழுறது நானு."

"அவரு மனசு நோகாதா?"

பாலைவிட அந்தக் கேள்விதான் சுட்டது. கட்டுப்போட்ட கையோடு நான் நிற்கிறேன், இவருக்கு மருத்துவரின் மனசு கவலை! மறுநாள் வெள்ளனே, மாத்திரைகளையும் ஸ்கேனையும் பையில் போட்டுக்கொண்டு, தங்கச்சியின் துணையோடு பஸ் ஏறினேன். கணவர் கடைவாசலிலேயே நின்றுவிட்டார்.

மதுரை மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நோயைச் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்காரு. இந்த மருந்து மட்டும் உங்களுக்குப் பத்தலை," என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்.

ஊர் திரும்பி நான் இதைச் சொன்னதும் என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, எங்க டாக்டரு சொன்னதுதானே! எதுக்கு இந்த வெட்டி அலைச்சலு?"

"அது சரியான்னு தெரிஞ்சுக்கத்தான் போனேன்."

இப்போதும் எப்போதாவது வலிப்பு வருகிறது. முன்போல் இல்லை. மறுபடி மோசமானால் மூன்றாவது மருத்துவரையும் பார்ப்பேன். ராசி யார் கையில் வேண்டுமானாலும் இருக்கட்டும். வெந்தது என் கை.